சொல்லாமல் நடந்த மூன்று மணி நேரம்

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், ஆற்றங்கரை ஓரமாக நகரசபை ஆட்கள் இரண்டு பேர் புதிதாக வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். சீவிய கட்டைகளை வண்டியிலிருந்து இறக்கிப் புல்லில் அடுக்கியிருந்தார்கள். பச்சை மரத்தின் பிசின் மணம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.  அவர்களில் ஒருவன் ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஆனாலும் அங்கேயே நின்றேன்.

நீ போனது மாசியில். இப்போது வைகாசி. செத்தவீட்டில் நான் பேசவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வின்டர்தூரில் உன் வீட்டுக்கு வந்தபோதும் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டியதை மற்றவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அதனால் இதை எழுதுகிறேன். எழுதி எங்கே போடுவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

பருத்தித்துறையில் நாம் ஒரே வகுப்பு. நீ கலியாணம் செய்து கிளிநொச்சிக்குப் போனாய், நான் சுவிசுக்கு வந்தேன். இரண்டாயிரத்து ஆறில் நீயும் வந்து சேர்ந்தபோது, இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டல் குசினியிலேயே உனக்கும் இடம் கிடைத்தது. நான் காய்கறி வெட்டுகிறவன், நீ பாத்திரம் கழுவுகிறவன். சலவை அறைக்கு மேலே இருந்த சின்ன அறையில் இரண்டு கட்டில், ஒரு யன்னல். உன் மனைவி வதனியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு வருடத்தில் இங்கே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவன் நீ. மதுராவுக்கு அப்போது எட்டு வயது. ஆரணிக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதின் அந்த இளவேனிலை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. சித்திரை தொடங்கும்போது வதனி கடைசியாகக் கதைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. குசினி ஆவி பட்டுப் பழுதாகிவிடும் என்று போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தபடி பாத்திரம் கழுவினாய். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதை எடுத்துப் பார்ப்பாய். பேர்னுக்கும் ஜெனீவாவுக்கும் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று கத்தி, தொண்டை கட்டித் திரும்பி வந்தோம். வைகாசி நடுவில், எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. யார் மிஞ்சினார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. நீ செய்தி பார்ப்பதை நிறுத்தினாய். பிறகு சாப்பிடுவதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை வலுக்கட்டாயமாக மலைமேல் இருக்கிற மியூரன் ஊருக்குக் கூட்டிப் போனேன். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாய். "உதில இருந்து விழுந்தா ஒரு சத்தமும் கேக்காது, என்ன மச்சான்?" என்றாய். வானிலையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஒரு நாள் உனக்கு விடுமுறை. நான் பதினொரு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும். எட்டரை மணிக்குக் கண் விழித்தபோது உன் கட்டில் மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. தலையணையில் உன் போன். அதை விட்டுவிட்டு நீ மலசலகூடத்துக்குக்கூடப் போகாதவன். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. எடுத்தேன், வதனியின் குரல்.

"ஹலோ... அவர் இல்லையோ?"

"தங்கச்சி! நீங்களோ? எங்க நிக்கிறியள்?"

"வவுனியா ஆஸ்பத்திரியில அண்ணை. கால்ல காயம். ஆரணி என்னோட இருக்கிறாள். இது இஞ்ச வேலை செய்யிற பிள்ளையின்ர போன். அவர் எங்க அண்ணை?"

"வெளிய போயிட்டான். இப்ப வந்திடுவான்."

"பின்னேரம் இன்னொருக்காப் போன் தாறனெண்டு இந்தப் பிள்ளை சொல்லுது. உங்கட நேரம் இரண்டு மணி போல. அவரைப் போனோட நிக்கச் சொல்லுங்கோ."

இணைப்பு அறுந்தது. மதுராவைப் பற்றிக் கேட்க எனக்கு நினைவு வரவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். நினைவு வந்தது, வாய் வரவில்லை. திருப்பி எடுத்துப் பார்த்தேன். யாரோ பெண் சிங்களத்தில் ஏதோ பதிவுக்குரலில் சொன்னாள்.

கீழே வாசலில் நின்ற போர்த்துக்கல்காரன், நீ ஏழு மணிக்கு லவுட்டர்புருன்னன் ரயிலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னான். மியூரனுக்குப் போகிற வழி அது. பெயர் காதில் விழுந்ததும் விளிம்பில் நீ கேட்ட கேள்வி எனக்குத் திரும்பக் கேட்டது. ஷெஃபுக்குப் போன் எடுத்து, எனக்குச் சுகமில்லை என்றேன். உன் போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதில் பட்டரி இரண்டு கோடு இருந்தது.

சின்ன ரயில் இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடும். அந்த இருபது நிமிடமும் நான் நின்றுகொண்டே போனேன். லவுட்டர்புருன்னனில் இறங்கியதும், பத்திரிகைக் கடைக்காரியிடம் நீல யக்கெற் போட்ட, என்னைப் போன்ற ஒரு ஆளைக் கண்டாயா என்று கேட்டேன். காணவில்லை என்றாள். பஸ் எடுக்கலாமா என்று யோசித்தேன். பஸ்ஸில் போனால் நடைபாதையில் இருக்கிற உன்னைத் தவறவிட்டுவிடுவேன். ஆகவே நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது சரியில்லை. பாதி ஓட்டம்.

அந்தப் பள்ளத்தாக்கு உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சுவர்போலச் செங்குத்தாகப் பாறை. அதன் உச்சியிலிருந்து விழுகிற தண்ணீர் நிலத்தைத் தொடுமுன் புகையாகிவிடும். படம் எடுக்க உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருகிற இடம். அன்று நான் பார்த்தது ஒன்றை மட்டுந்தான். ஒவ்வொரு பாறையின் அடியிலும், புல்லிலும் கற்களிலும், நீல நிறமாக ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தேன். ஒரு இடத்தில் கிடந்தது. அங்கே ஓடினேன். கிட்டப் போனால் அது மாட்டுக்கு வைத்த உப்புக்கட்டியின் வாளி.

ஒரு தோட்டத்துக்குள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்தான் முதலில் உன்னைக் கண்டவள். "ஓம், ஒருவர் போனார், ஒன்பது மணி போல" என்றாள். உன்னை அவளுக்கு நினைவிருந்ததற்குக் காரணம், நீ 'க்ரூயெட்சி' என்று வணக்கம் சொன்னாயாம். அது சூரிச்காரர்களின் சொல், இங்கே நாங்கள் 'க்ரூசெக்' என்போம் என்று சிரித்தாள். சாகப் போகிறவன் வேலிக்கு அப்பால் நிற்கிற பெண்ணுக்கு வணக்கம் சொல்வானா? சொல்வான், நீ சொல்வாய் என்று எனக்குத் தெரிந்தபடியால் ஆறுதல் வரவில்லை.

ஸ்டெக்கல்பெர்க்கில் வீதி முடிகிறது. அங்கே பால் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவன், மஞ்சள் பலகை காட்டிய பக்கமாகக் கையை நீட்டினான். கிம்மல்வால்ட், மேலே இருக்கிற ஊர், மியூரனுக்குப் போகிற வழி. அவன் என் சப்பாத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். குசினியில் போடுகிற வெள்ளைச் சப்பாத்து. அதோடுதான் ஓடி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் கண்டேன்.

அந்த ஏற்றம் காட்டுக்குள்ளால் வளைந்து வளைந்து போகும். போனில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. மணி ஒன்று. வதனி இரண்டு மணிக்கு எடுப்பாள். இந்தக் காட்டுக்குள் நின்றால் அந்த அழைப்பு எனக்கு வந்துசேராது. உன்னைக் கண்டுபிடிக்காவிட்டாலும் போனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்ற ஒரே நினைப்போடு ஏறினேன். இரண்டு தரம் வழுக்கி முழங்கால் உரசியது. உன்னைத் தூஷணத்தால் ஏசினேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்திவிட்டு நின்று கேட்டேன். கீழே ஆறு இரைகிற சத்தம் மட்டும்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மரங்கள் விலகி, புல்வெளியும் முதல் வீடும் தெரிந்தன. போனில் ஒரு கோடு வந்தது, பிறகு மூன்று. மரக்குழாயில் தண்ணீர் ஓடுகிற தொட்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தேன். அது அடித்தது.

"அண்ணை, அவர் வந்திட்டாரோ?"

"இல்லைத் தங்கச்சி. தேடிக்கொண்டு வந்து நிக்கிறன். கிட்டத்திலதான் நிப்பான்."

 அவளுக்குப் பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது.

"இந்தப் பிள்ளை வேலை முடிஞ்சு போகப்போகுது. எங்களையும் நாளைக்கு முகாமுக்கு ஏத்துவினமாம். பிறகு ஆர் போன் தருவினமெண்டு தெரியாது. நீங்கள்தான் அவருக்குச் சொல்லவேணும் அண்ணை."

"சொல்லுங்கோ."

"மதுரா இல்லை."

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பதின்மூண்டு நாளாச்சு. தண்ணிக்கு வரிசையில நிண்டவள். நாங்கள் அவளை அங்கேயே... அண்ணை, ஒரு சீலைதான் இருந்தது. அவரைத் தனிய விடாதேங்கோ. சொல்லேக்க பக்கத்தில இருங்கோ."

நான் ஓம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், ஓம். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. அவள் போனை யாரிடமோ கொடுப்பது கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. ஒரு கிழவி கையில் வாளியோடு வந்து என் முகத்தைப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டாள். உன் அடையாளத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "அவரா? என் தம்பியோடு மேலே நிற்கிறார், வேலிக்கு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் வாளியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்க் கையைக் காட்டினாள்.

சரிவில் நீ நின்றாய். யக்கெற்றைக் கழற்றிப் புல்லில் போட்டிருந்தாய். ஒரு கிழவன் கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க, நீ பெரிய மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாய். புதிதாகச் சீவிய கட்டைகள் சரிவு முழுக்க வரிசையாகக் கிடந்தன. பனிக்காலத்தில் விழுந்த வேலியை மாடுகள் ஏறுமுன் திரும்பக் கட்டுகிறார்கள். உன் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். இரண்டு மாதமாக நான் காணாத சிரிப்பு.

"எடேய், நீ எங்கையடா இஞ்ச?"

"உன்னைத் தேடித்தான்."

"ஏன், செத்துப்போவன் எண்டு நினைச்சியோ?"

"ஓம்."

சுத்தியலை இறக்கினாய். "நானும் அப்பிடி நினைச்சுத்தான் வந்தனான் மச்சான்" என்றாய். "மியூரனுக்குப் போற வழியில இந்த அப்பு தனியக் கிடந்து மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டவர். என்னைக் கண்டிட்டு 'ஹெப்' எண்டார். எனக்கு அது விளங்கேல்லை. திருப்பியும் 'ஹெப்! ஹெப்!' எண்டு கத்தினார். கட்டை சரியுது. ஓடிப்போய்ப் பிடிச்சன். பிறகு விட ஏலாமல் போச்சு. முப்பது கட்டை அடிச்சிட்டம்."

'ஹெப்' என்றால் இந்த மலைப் பேச்சில் 'பிடி' என்று கிழவர் சைகையால் எனக்கு விளக்கினார். ஒரு மனிதனைப் பாறை விளிம்பிலிருந்து இழுத்து வந்தது அவருக்குத் தெரியாது. அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அப்போது நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். உன் கண் என் கையில் இருந்த போனில் இருந்தது.

"போன் ஏதும் வந்ததோ?"

மச்சான், இதைத்தான் நான் எழுத வந்தேன். நான் யோசித்துச் செய்யவில்லை. உன் முகத்தில் அந்தச் சிரிப்பு முழுதாகப் போயிருக்கவில்லை. உன் உள்ளங்கையில் புதிய கொப்புளம். விளிம்பு அங்கிருந்து அரை மணி நேர நடை. நான் சொன்னேன், "வதனி எடுத்தவ. வவுனியாவில நிக்கினம். உயிரோட இருக்கினம்."

எத்தனை பேர் என்று நான் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை. நீ அந்தக் கிழவரைக் கட்டிப்பிடித்து, அவர் தொப்பி விழ, அவரைத் தூக்கிவிட்டாய். தமிழில் ஏதோ கத்தினாய். பிறகு புல்லில் குப்புற விழுந்து அழுதாய். கிழவர் என்னைப் பார்த்தார். உன் குடும்பத்தைப் பற்றி நல்ல செய்தி என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அந்தச் சொல்லை நான் என் வாயால் சொன்னேன். நல்ல செய்தி.

அவர்கள் எங்களை விடவில்லை. வீட்டுக்கு முன்னால் இருந்த மேசையில் கிழவி பாணும் வெண்ணெயும் பெரிய பாற்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். நீ சாப்பிட்டாய். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வைத்துச் சாப்பிட்டாய். நான் ஒரு துண்டைக் கடித்து, மெல்ல முடியாமல், குனிந்து நாய்க்குக் கொடுத்தேன். வதனியை உடனே எடுக்கலாம் என்றாய். அது ஆஸ்பத்திரிப் பிள்ளையின் போன், வேலை முடிந்து போய்விட்டது, நாளைக்குத்தான் பார்க்கவேண்டும் என்றேன். அது உண்மைதான். உண்மையைக்கூட ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க வைக்கலாம் என்று அன்று படித்தேன்.

"வா மச்சான், மேலால நடந்து போவம்" என்றாய். "இண்டைக்கு எனக்குக் கால் நோகாது."

மியூரன் வரை தார் போட்ட ஒடுங்கிய பாதை. ஊரில் ஹோட்டல்கள் பூட்டிக்கிடந்தன. பனிக்காலக் கூட்டம் போய் வெயில்காலக் கூட்டம் இன்னும் வராத இடைவெளி. யன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருவில் ஒரு பூனையும் நாங்களும். உன்னை விளிம்புப் பக்கம் விடாமல் நான் இடையில் நடந்தேன். அது இனித் தேவையில்லை என்று நீ சிரித்தாய். தேவை வரப்போகிறது என்று எனக்குத்தான் தெரியும்.

மியூரனைத் தாண்டினால் பாதை காட்டோரமாக, பள்ளத்தாக்குக்கு மேலாக, வின்டரெக்குக்குப் போகிறது. பள்ளத்துக்கு எதிரே ஐகர் முதல் யுங்ஃப்ராவ் வரை மூன்று மலையும் வெள்ளையாக நிற்கும். அங்கே நடக்கும்போது எதிர்ப்பக்கத்தில் பனிப்பாளம் உடைந்து விழுந்தது. முதலில் வெள்ளைத் தூசு தெரிந்தது, பிறகு சத்தம் வந்தது, ஒரு ஷெல் விழுகிற அதே சத்தம். இரண்டு பேரும் குனிந்துவிட்டோம். நீ முதலில் நிமிர்ந்தாய். "பனிதான் மச்சான்" என்றாய். "இனி எல்லாம் வெறும் பனிதான்." நான் குனிந்தபடியே சப்பாத்து நாடாவைக் கட்டுகிறவன்போல இருந்தேன்.

அந்த வழி முழுக்க நீ மதுராவைப் பற்றித்தான் கதைத்தாய். ஆரணியைப் பற்றி அதிகம் சொல்ல உனக்குத் தெரியாது, நீ வரும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தவள். மதுராவோ எட்டு வருடம் உன் தோளில் இருந்தவள். இங்கே வந்ததும் அவளை எந்த வகுப்பில் விடுவார்கள் என்று என்னைக் கேட்டாய். அவள் இடக்கையால் எழுதுவாள், அதற்கு இங்கே ஏசமாட்டார்கள்தானே என்றாய். மாட்டைக் கண்டால் பயப்படுவாள், ஆனால் பயமில்லை என்று சாதிப்பாள் என்றாய். கடைசியாக வந்த கடிதத்தில் அவள் ஒரு வீடு கீறியிருந்தாளாம், ஆறு கதவு வைத்து. ஏன் இத்தனை கதவு என்று போனில் கேட்டாயாம். "எந்தப் பக்கத்தால ஷெல் வந்தாலும் மற்றப் பக்கத்தால ஓடலாம்தானே அப்பா" என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு நீ நின்றாய். "இஞ்ச அவளுக்கு ஒரு கதவே போதும் மச்சான்" என்றாய்.

என்னால் ஏலாமல் போய்விட்டது. வின்டரெக் தரிப்பிடத்துக்கு முன்னால் ஒரு மர வாங்கு இருந்தது. நீ உட்கார்ந்து, என்னையும் இழுத்து உட்கார வைத்தாய்.

"ஏன்டா நீ ஒண்டும் கதைக்கிறாயில்லை?"

சொன்னேன். எந்தச் சொற்களால் என்று எழுதமாட்டேன்.  எதிரே மலைகளைப் பார்த்தபடியே இருந்தாய். பிறகு கேட்டாய்.

"எத்தினை மணிக்கு உனக்குத் தெரியும்?"

"இரண்டு மணிக்கு."

மணிக்கூட்டைப் பார்த்தாய். ஐந்து. எழுந்து நின்று என் முகத்தில் அறைந்தாய். ஒன்று, பிறகு இன்னொன்று. மூன்றாவதற்குக் கை ஓங்கிவிட்டு, அடிக்காமல் நடக்கத் தொடங்கினாய்.

லவுட்டர்புருன்னனுக்கு இறங்குகிற காட்டுப்பாதையில் நீ முன்னால், நான் பத்தடி பின்னால். மரத்துக்கு மரம் கை வைத்து இறங்கினாய். இரண்டொரு இடத்தில் மரங்கள் விலகிப் பள்ளம் தெரிந்தது. அங்கெல்லாம் நான் ஓடிவந்து உன் முதுகுச் சட்டையைப் பிடித்தேன். நீ தட்டிவிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஸ்டேசனில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற சனம் நிறைந்திருந்தது. அதற்கு நடுவில் நீ முழங்காலில் விழுந்தாய். அப்போது உன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, ஒரு தாய் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். வதனி சொன்னபடி நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன்.

அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. அறையை மாற்றிக் கேட்டாய். ஒரே குசினியில் நான் அனுப்புகிற பாத்திரங்களை நீ கழுவினாய், முகம் பாராமல். இரண்டு வருடம் கழித்து வதனியும் ஆரணியும் வந்து சேர, வின்டர்தூருக்குப் போனாய். தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை. ஆரணியின் பிறந்தநாளுக்கு வதனிதான் என்னை அழைத்தாள். உன் வீட்டில் சாமிப் படங்கள் இருந்தன, ஆரணியின் படங்கள் இருந்தன. மதுராவின் படம் ஒன்றும் இல்லை. அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. வதனி ஒருமுறை தொடங்கினாள், நீ எழுந்து பல்கனிக்குப் போய்விட்டாய்.

பிறகொரு வருடம், அதே பல்கனியில், நீயாகவே கதைத்தாய். கீழே சைக்கிள் விடுகிற பிள்ளைகளைப் பார்த்தபடி.

"அந்த மூண்டு மணித்தியாலம். நீ அதை எனக்குத் தந்தனியோ, என்னட்டை இருந்து களவெடுத்தனியோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை மச்சான்."

"எனக்கும் விளங்கேல்லை" என்றேன்.

"அவள் செத்துப் பதின்மூண்டு நாள். நான் பாணும் சீஸும் திண்டுகொண்டு இருந்திருக்கிறன். சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்." சிகரெட்டை அணைத்தாய். "ஆனா நீ அங்கேயே சொல்லியிருந்தா நான் இண்டைக்கு இல்லை. அதுவும் தெரியும். அதுக்கு உனக்கு நன்றி சொல்லவேணுமோ, அடிக்கவேணுமோ?"

பதிலை எதிர்பார்த்து நீ கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாய். அதன்பின் நாம் மரக்கறி விலையும் முழங்கால் வலியும் கதைத்தோம், கடைசிவரை. மாசியில் ரயில் மேடையில் நின்றபடியே உன் இதயம் நின்றது. மன்னித்தாயா இல்லையா என்று சொல்லாமல் போய்விட்டாய்.

இப்போது ஆரணியைப் பற்றிச் சொல்கிறேன். போன சனிக்கிழமை அவள் தனியாக இன்டர்லாக்கனுக்கு வந்தாள். இருபது வயது, உன் நெற்றி. என் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து, தேத்தண்ணியைத் தொடாமல் கேட்டாள்.

"மாமா, அப்பா எங்களோட அக்காவைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை. அம்மா தொடங்கினா அழுவா. எனக்கு அக்கான்ர முகமே ஞாபகம் இல்லை. அண்டைக்கு மலையில அப்பா உங்களோட கதைச்சவர் எண்டு அம்மா சொன்னவ. என்ன சொன்னவர்?"

சொன்னேன். இடக்கையை, மாட்டுப் பயத்தை, ஆறு கதவு வீட்டை. அவள் தன் போனில் எழுதிக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்திக் கேட்டாள், "மாமா, நீங்கள் ஏன் அக்காவை 'எழுதுவாள், பயப்பிடுவாள்' எண்டு சொல்றீங்கள்?" எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. "உன்ர அப்பா அப்பிடித்தான் சொன்னவர்" என்றேன். "அவருக்கு அப்ப தெரியாது." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 

பிறகு இன்னொன்று சொன்னேன். நீ அனுப்பிய அஞ்சலட்டையைப் பார்த்து, மதுரா இங்குள்ள மூன்று மலைக்கும் பெயர் வைத்து எழுதியிருந்தாள் என்று. நீ வழியில் ஒவ்வொன்றாகக் கை நீட்டிச் சொன்னாயே. கூரான ஐகர், 'கோபக்கார மாமா'. நடுவில் உருண்டையாக நிற்பது, 'தயிர்ச்சட்டி'. அடுத்தது யுங்ஃப்ராவ்.

ஆரணி விரலைத் திரையில் வைத்துக் காத்திருந்தாள்.

வரவில்லை மச்சான். அந்த ஒரு பெயர் வரவில்லை. எழுந்து யன்னலடிக்குப் போனேன். அந்த மலை அங்கே வெயிலில் நின்றது. அன்று நீ அதைச் சொன்ன நேரம் நான் உன் பேச்சைக் கேட்காமல், மதுரா இல்லை என்பதை எப்படிச் சொல்வது, எங்கே சொல்வது என்று என் மண்டைக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவள் வைத்த பெயர் என் காதைக் கடந்து போயிருக்கிறது. வதனிக்கு அந்தக் கடிதத்தைப் பற்றியே தெரியாது. கடிதத்தை நீ என்ன செய்தாய் என்று யாருக்கும் தெரியாது. "பரவாயில்லை மாமா, பிறகு ஞாபகம் வரும்" என்றாள் ஆரணி. என் முதுகைத் தடவிவிட்டாள். நான் அழுவது அவளுக்கு யன்னல் கண்ணாடியில் தெரிந்திருக்கும்.

ஒரு கிழமையாக அந்தப் பெயரைத் தேடுகிறேன். வெட்டுப்பலகையில் கத்தி வைத்தபடி நின்றுவிடுகிறேன், ஷெஃப் கத்துகிறான். உன்னைத் தவிரக் கேட்க ஆள் இல்லை. இந்த ஊரில் எந்தத் தெருவில் நிமிர்ந்தாலும் அந்த மலைதான் தெரிகிறது. ஒவ்வொரு தரமும் நீ கை நீட்டியது தெரிகிறது, உன் வாய் அசைந்தது தெரிகிறது, சொல் மட்டும் கேட்கவில்லை.